கிணத்தடித் தெருவில் வீடுகள் எழும்பிய கதை

மலையிலிருந்து இறங்கி வருகிற காற்று முதலில் தொடுகிற தெரு எங்கள் கிணத்தடித் தெருதான் என்பதையும், அந்தத் தெருவில் கிணறு கிடையாது என்பதையும், அங்கே வீடுகள் எல்லாம் தரையில் இருந்த காலம் ஒன்று இருந்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றையும் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை, மூன்றாவதை எங்கள் தெருப் பிள்ளைகளே நம்புவதில்லை.

நாலுவழிச் சாலை வந்த வருஷம் அது. ஆடுகூட மேயாத சோலைராஜின் கள்ளிக்காட்டுக்கு நடுவே சாலை போட வேண்டும் என்று அளந்துகொண்டு போனவர்கள், மறு வருஷம் அந்தக் கள்ளிக்காட்டுக்கு ஒரு தொகையைக் கொடுத்தார்கள். அது என்ன தொகை என்று தெருவில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னோம், எல்லாருடைய கணக்கும் உண்மையைவிடக் குறைவாக இருந்தது. முந்தின நாள் வரை எங்களிடம் பீடிக்கு நெருப்பு வாங்கிக்கொண்டிருந்த சோலைராஜ், தேக்குக் கதவும் கருங்கல் முகப்பும் மாடியில் இரண்டு சிமெண்டுச் சிங்கங்களுமாக வீடு கட்டினான். எல்லாவற்றுக்கும் ரொக்கம் கொடுத்தான். ஊஞ்சல் பலகை வந்து இறங்கியபோது அதைத் தூக்க ஆள் போதாமல் தெருவே கைகொடுத்தது. கிரகப்பிரவேசத்துக்கு எல்லாரையும் வீடுவீடாக வந்து கூப்பிட்டான், வந்தவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் வாளி கொடுத்தான், யாரைப் பார்த்தாலும் முன்போலவே பல்லைக் காட்டிச் சிரித்தான். கெட்டவனாக இருந்திருந்தால் தப்பித்திருப்போம், நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்போம். அவன் நல்லவனாக இருந்து தொலைத்தான்.

அந்தச் சிங்கங்களுக்கு நேர் எதிரே தவமணியின் வீடு. தவமணிக்கும் வேலுத்தாய்க்கும் பிள்ளை கிடையாது, வீட்டுக்குப் பின்னால் ஒரு மாவு மில் உண்டு. வீடு தவமணியின் அப்பா கட்டியது. மில் வேலுத்தாயுடையது, அவளுடைய அப்பா இறந்தபோது பங்குக்கு வந்த காசைப் போட்டு வாங்கியது, பத்திரமும் அவள் பெயரில்தான். எங்கள் தெருவின் கோதுமையும் கேழ்வரகும் வத்தலும் மல்லியும் அந்தக் கல்லில்தான் மாவாயின. யார் வத்தலுக்குப் பின்னால் யார் கோதுமையைக் கொட்டுவது என்று பெண்கள் போடுகிற சண்டையைத் தீர்த்துவைத்துத் தீர்த்துவைத்து வேலுத்தாய்க்கு ஒரு நீதிபதியின் முகம் வந்திருந்தது. தவமணி அப்படி இல்லை, அவன் மனம் முகத்தில் அப்படியே தெரியும். காலையில் கதவைத் திறந்தால் சிங்கம், சாயங்காலம் கதவைச் சாத்தப் போனால் ஊஞ்சலில் சோலைராஜ். ஒரு மாதம் பார்த்தான், இரண்டு மாதம் பார்த்தான், மூன்றாம் மாதம் தவணைக்கு ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டான்.

ஃபிரிட்ஜை வண்டியிலிருந்து இறக்க வந்த இரண்டு லோடுமேன்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்கள், பெட்டி அவர்கள் தலைக்கு மேலே போய்விட்டது.

"என்னண்ணே, காலி டப்பாவ அனுப்பிட்டானுகளா?" என்றான் ஒருவன்.

திறந்து பார்த்தார்கள். தட்டு, முட்டை வைக்கிற குழி, உள்விளக்கு எல்லாம் இருந்தது. மில்லுக்குக் கொண்டுபோய் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினார்கள், முள் அசையவில்லை. வேலுத்தாய் ஒரு படி அரிசியை அதன் தலையில் வைத்தாள், முள் அந்தப் படி அரிசிக்கு மட்டும் அசைந்தது.

"இந்தப் பொட்டிக்கு எடையே இல்லைங்க" என்றாள்.

"நல்லதாப் போச்சு. தொடைக்கிறப்ப நகட்ட லேசா இருக்கும்ல" என்றான் தவமணி.

அவ்வளவுதான் ஆச்சரியம். அதற்கப்புறம் சோபா செட் வந்தது, அதற்கும் எடையில்லை. எங்கள் வீடுகளுக்கு டிவியும் பீரோவும் வாஷிங் மெஷினும் வந்தன, எதற்கும் எடையில்லை. பெண்கள் பீரோவை இடுப்பில் வைத்துக்கொண்டு அறை மாற்றினார்கள், பிள்ளைகள் கட்டிலைப் பட்டம் விட்டார்கள், லோடுமேன்கள் வேறு வேலை தேடிப் போனார்கள், சணல் கயிறு விற்கிற கடை ஒன்று புதிதாகத் தெருமுனையில் திறந்தது. சாமானை ஜன்னல் கம்பியில் கட்டி வைப்பது எப்படி என்று மருமகளுக்கு மாமியார் சொல்லிக்கொடுத்தாள். கடனுக்கு வாங்கியதற்குத்தான் எடையில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை, ஒருவர் வீட்டில் இன்னொருவர் அதைப் பேசவும் மாட்டோம். தவணை முடிந்த அன்று சாமான் தொப்பென்று கனத்துத் தரையில் உட்கார்ந்துவிடும் என்பதைக் கண்டுபிடித்தவள் வேலுத்தாய் ஒருத்திதான், பழைய கிரைண்டர் ஒன்றில் அதைப் பார்த்திருந்தாள். மற்றவர்கள் எதையும் கட்டி முடித்திருந்தால்தானே தெரியும்.

பிறகு தவமணி வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் ஃபைனான்ஸ் தனுஷ்கோடியிடம் வைத்தான். முகப்பை இடித்துக் கட்டினான், மாடியில் அவனும் இரண்டு சிங்கம் வைத்தான், எதிர்வீட்டுச் சிங்கங்களைவிட இரண்டு சாண் பெரிது. பால் காய்ச்சிய மறுநாள் காலை கோலம் போட வெளியே வந்த வேலுத்தாய், இத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிய வாசற்படியில் காற்றில் காலை வைத்துக் குப்புற விழுந்தாள். எழுந்து திரும்பிப் பார்த்தால் வீட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் வெளிச்சம். ஒரு கோழி முன்வாசல் பக்கம் நுழைந்து வீட்டுக்கடியில் நடந்து கொல்லைப்பக்கம் வெளியே போனது.

தெருவே கூடிவிட்டது. குனிந்து அடியில் பார்த்தோம், கையை விட்டுத் துழாவினோம், அண்ணாந்து சிங்கங்களைப் பார்த்தோம். "தவமணி வீடு எந்திரிச்சிருச்சுடா!" என்று யாரோ கத்தினார்கள். அதில் பொறாமையைத் தவிர வேறொன்றும் இல்லை. தவமணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேலே நின்றான். ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த சோலைராஜ் காலை ஊன்றி நிறுத்திவிட்டு, கழுத்தை உயர்த்தி அவனைப் பார்த்தான். அந்த ஒரு பார்வைக்காகத் தவமணி இன்னும் இரண்டு வீட்டை அடகு வைத்திருப்பான்.

ஆறு மாதத்தில் பாதித் தெரு மேலே போய்விட்டது. கொத்தனார்கள் படிக்கட்டுக் கட்டினார்கள், வட்டி கூடி வீடு இன்னும் ஏறியதும் படிக்கட்டை இடித்து ஏணி வைத்தார்கள். பால்காரர் கீழேயிருந்து மணியடிப்பார், மேலேயிருந்து வாளி இறங்கும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் படிக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கினார். வீட்டுக்கடியில் விழுந்த நிழலில் ஆடுகளைக் கட்டினோம், சீட்டாடினோம், ஒரு கட்சி உறுப்பினர் சேர்க்கை முகாமே நடத்தியது. மாரியம்மன் சப்பரம் வருகிற நாளில் எல்லா வீட்டிலும் கயிற்றை இழுத்துப் பிடித்து வழிவிடுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் நகையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு வீட்டுக்கு எத்தனை படி என்று கேட்டார்கள், ஏழுபடி வீட்டில் நாலுபடி வீட்டுக்காரர்கள் சம்பந்தம் பேசுவதே கிடையாது. எல்லாக் கொல்லையிலும் ஓர் இரும்பு வளையம் பதித்து வீட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். தவமணியின் வீடு பின்னாலிருந்த மில்லின் தூணில் கட்டப்பட்டிருந்தது, ஏனென்றால் அந்த வளாகத்தில் கனமாக இருந்தது அது ஒன்றுதான்.

ஊரிலேயே பெரிய பணக்காரனான சோலைராஜின் வீடு மட்டும் போட்ட இடத்தில் கிடந்தது. "எல்லாரும் மேல இருக்காக, நம்ம வீடு மட்டும் ஏங்க இப்பிடிக் கெடக்கு?" என்று அவன் மனைவி பிரேமா கண்ணீர் விட்டதைப் பால்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டோம்.

ஆட்டோ ஓட்டுகிற செல்லப்பாண்டிக்கு நடந்ததை வைத்தாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அவன் சொந்த ஆட்டோவை அடகு வைத்து மகனுக்குப் புல்லட் வாங்கினான். மறுநாள் ஆட்டோ லேசாகிவிட்டது, சக்கரம் சுற்றுகிறது, ரோட்டில் பிடிக்கவில்லை, சவாரி ஏறிய ஆள்தான் வண்டியைப் பிடித்து உட்கார வேண்டியிருந்தது. சவாரி நின்றது, தவணை நின்றது. ஆனி மாதம் முதல் காற்று வந்த மத்தியானம், ஏற்கெனவே அடகிலிருந்த அவர்கள் வீட்டின் இற்றுப்போன கயிறு அறுந்தது. வீடு சட்டிபானையோடும் செல்லப்பாண்டி மனைவியின் அலறலோடும் எங்கள் தலைக்கு மேலே மெல்லப் போனது. நாங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரை வரை ஓடினோம். கண்மாய் தாண்டி ஒரு புளியந்தோப்பில் வீடு சிக்கியது, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, இறங்கிய குடும்பம் ஊருக்குத் திரும்பாமல் அப்படியே பஸ் ஏறித் திருப்பூர் போய்விட்டது. அந்த வாரம் சணல் கயிறு போய் எல்லா வீட்டுக்கும் நைலான் கயிறு வந்தது. கயிறும் தவணைக்குத்தான்.

அதே வாரம்தான் தவமணியின் தங்கச்சி சுந்தரவடிவு மில்லுக்கு வந்தாள். அவள் மகள் மகாஸ்ரீ பெரிய மனுஷியாகி, ஆடி பிறக்கும் முன்னே கடைசி முகூர்த்தத்தில் சடங்கு வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. தாய்மாமன் தட்டுகளோடும் மேளத்தோடும் ஊர்வலமாக வர வேண்டும், சீரைப் பெண்ணின் மடியில் வைத்த பிறகுதான் அவள் எழுந்திருக்க முடியும், அதுவரை சபையே உட்கார்ந்திருக்கும். போன தையில் சோலைராஜ் தன் தங்கச்சி மகளுக்குச் செண்டை மேளம், காளைமாடு, ஸ்கூட்டர், லாரி நிறையப் பாத்திரம் என்று கொண்டுபோன ஊர்வலத்தைத் தெருவே செல்போனில் வைத்திருந்தது.

"மதினி, நான் ஒன்னும் கேக்கல" என்று சுந்தரவடிவு ஆரம்பித்தாள். "எங்க மாமியா வீட்டுலதான் கேக்குறாக. சோலைராஜண்ணனுக்கு எதுத்த வீடுதான உங்கண்ணன்னு கேக்குறாக. எங்கண்ணன் ஒத்த மஞ்சப்பையோட வந்து நின்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

"அதுக்கு?"

"தனுஷ்கோடியண்ணன் மில்லு மேல தாரேங்கிறாராம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்னு அண்ணன் சொல்லுச்சு."

வேலுத்தாய் தொட்டியில் கோதுமையைக் கொட்டிவிட்டுத் திரும்பினாள். "வடிவு, நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கே கல்லு லேசாயிரும். லேசான கல்லு மாவரைக்குமா? நீயே சொல்லு."

"எல்லாரு வீட்டுலயும் லேசாத்தான மதினி இருக்கு."

"எல்லாரும் சோபாவ வச்சுச் சோறு திங்கலத்தா. நாங்க இந்தக் கல்ல வச்சுத் திங்கிறோம்."

சுந்தரவடிவு அழுதுகொண்டே போனாள். அன்று மத்தியானம் தவமணி மில்லுக்கு இறங்கி வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்த வேலுத்தாய் கத்துவதற்குத் தயாராக இருந்தாள். அவன் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"எதுத்த வாசல்ல அந்தாளு ஆடுறத நான் தெனமும் பாக்கணும் வேலு. நீ பின்னால இருக்க, உனக்குத் தெரியாது. எனக்குன்னு ஒரு புள்ள இருந்தா அதுக்குச் செஞ்சிருப்பேன். இருக்கிறது தங்கச்சி மக ஒன்னுதான். அதுக்கும் நான் கொறச்சலா நிக்கணுமா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. இந்த மனுஷன்மேல் அவளுக்கு இருந்த பிரியம் கொஞ்சநஞ்சமில்லை. அழுது கேட்டால் கொடுத்துவிடுவோமோ என்று பயந்துதான் அவள் மில்லை நிறுத்தாமல், கல் ஓடுகிற சத்தத்துக்கு மேலே, "போட மாட்டேங்க" என்றாள். மறுபடியும் ஒருதரம் சொன்னாள். தூணில் கட்டிய கயிறு காற்றில் முறுக்கிக்கொண்டு கிறீச்சென்றது. அவன் எழுந்து ஏணியில் ஏறிப் போய்விட்டான், சடங்கு நாள் வரை அவளோடு பேசவில்லை.

மில் கிடைக்காவிட்டால் என்ன, கடன் கொடுக்க ஊரில் ஆளா இல்லை. பாத்திரக்கடையில் பாத்திரம், ஜவுளிக்கடையில் பட்டு, நகைக்கடையில் ஆரமும் நெக்லஸும் ஒட்டியாணமும், பழக்கடையில் ஆப்பிள் கூடை, எல்லாம் சொல்லுக்குக் கிடைத்தது. ஊர்வலம் புறப்பட்டதைப் பார்க்க வேண்டும்! தட்டுகளைத் தலையில் சுமக்க வேண்டிய வேலையே இல்லை, ஒவ்வொரு தட்டும் ஒரு நூலில் மிதந்தது, பெண்கள் நூலைப் பிடித்துக்கொண்டு கையை வீசி நடந்தார்கள். ஆப்பிள்களை வலை போட்டுக் கட்டியிருந்தார்கள். 'தாய்மாமன் சீர்' என்று தவமணி கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிற ஃபிளக்ஸ் பேனர் பிடிக்க ஆளில்லாமலே முன்னால் நிமிர்ந்து வந்தது. செண்டை மேளக்காரர்களுக்கும் பாக்கிதான் என்பதால் அவ்வளவு பெரிய மேளம் கொஞ்சம் பஞ்சு வைத்து அடித்தாற்போலக் கேட்டது. இத்தனை அழகான சீரை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. வேலுத்தாய் ஊர்வலத்தில் இல்லை என்பதைக் கவனித்தவர்களும் அதைப் பேசுவதைப் பிற்பாடு வைத்துக்கொண்டார்கள்.

பைபாஸ் மகாலில் முதல் வரிசையில் சோலைராஜும் பிரேமாவும். மேடையில் அலங்கார நாற்காலியில் மகாஸ்ரீ. தவமணி ஒவ்வொரு நகையாக எடுத்துக் கொடுக்க, சுந்தரவடிவு மகளுக்குப் போட்டுவிட்டாள். நெக்லஸ் போட்டதும் பெண் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒட்டியாணம் பூட்டியதும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆரம் விழுந்தபோது இரண்டு கையாலும் பிடித்தாள். கடைசியில் மாமன் மாலை போட வந்தபோது வணக்கம் வைக்கக் கையை எடுத்தாள், எடுத்ததும் உட்கார்ந்த வாக்கில் அப்படியே மேலே எழும்பினாள்.

முதலில் கைதட்டினோம். மண்டபத்துக்காரர்களின் ஏற்பாடு என்று நினைத்தோம். வீடியோக்காரர், "பாப்பா, அப்பிடியே சிரிச்சுக்கிட்டே போ" என்றார். சுந்தரவடிவு மாமியார் பக்கம் திரும்பிப் பெருமையாகப் பார்த்தாள். "மாமா... மாமா..." என்ற சத்தம் மேலேயிருந்து வந்தபோதுதான் எல்லாரும் அண்ணாந்தோம், பெண்ணின் தலைக்கு மேலே மண்டபத்தின் மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன.

"ஃபேன நிப்பாட்டுங்கடா!"

சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தவமணி எம்பிக் குதித்து மருமகளின் காலைப் பிடித்தான். புதுப் பட்டுவேட்டி, புதுச் சட்டை, புது வாட்ச், மைனர் செயின், இரண்டு மோதிரம், எல்லாம் கடன். பிடித்தவனும் பெண்ணோடு சேர்ந்து மேடையை விட்டு எழும்பினான். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினோம். ஓடிப்போய் ஏன் பிடிக்கவில்லை என்றால், எங்களில் முக்கால்வாசிப்பேர் அன்று நாற்காலியின் அடிக்கம்பியில் காலைக் கோத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம், எழுந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

பக்கவாசல் வழியாக வந்தவள் வேலுத்தாய். மில்லில் கட்டுகிற பழைய சேலை, மயிரெல்லாம் மாவு, கையில் ஒரு பெரிய தூக்குச்சட்டி. சட்டியை மேடையில் வைத்துவிட்டு ஓடி, எட்டிப் புருஷனின் இரண்டு காலையும் கட்டிப் பிடித்தாள். அவள் உடம்பில் இருந்ததெல்லாம் அவளுடையது. கீழே வேலுத்தாய், நடுவே தவமணி, மேலே மகாஸ்ரீ. ஏறுவது நின்றது, இறங்கவில்லை. பெண்ணின் ஜடைநுனியை ஃபேன் காற்று இழுத்துக்கொண்டிருந்தது.

"கழட்டுங்க" என்றாள் வேலுத்தாய்.

"என்னத்தடி?"

"நம்மளுது இல்லாததெல்லாம்."

"அம்புட்டுப் பேரும் பாக்குறாகடி..."

"பாக்கட்டும். புள்ளைய விசிறிக்குக் குடுத்துட்டு மானத்த வச்சு என்ன செய்யப் போறீங்க? கழட்டுங்க!"

ஒரு கணம் அவன் முன்வரிசையைப் பார்த்தான், சோலைராஜின் முகத்தைத்தான் பார்த்தான் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பல்லால் கடித்து வாட்ச்சைக் கழற்றினான். அது மேலே போய் மண்டபக் கூரையில் டக்கென்று ஒட்டியது. செயின் போனது, மோதிரங்கள் போயின. "மகா, நீயும் கழட்டுத்தா, ஆரத்த எடு, அழாத, அத்த புடிச்சிருக்கேன்" என்று வேலுத்தாய் கீழேயிருந்து சொல்லச் சொல்லப் பெண் ஒவ்வொன்றாகக் கழற்றி விட்டாள். ஆரமும் நெக்லஸும் ஒட்டியாணமும் கூரையில் போய்த் தொங்கின. ஒவ்வொன்று போகும்போதும் மூன்றுபேரும் ஒரு பிடி கீழே இறங்கினார்கள். நகைக்கடை ஆட்கள் ஏணிக்கும் வலைக்கும் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

மகாஸ்ரீ நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேருக்குத்தான், பட்டும் கடன் என்பதால் நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவே விரற்கடை இடைவெளி இருந்தது, காற்று வந்தால் ஆடினாள். சீர் மடியில் ஏறாமல் அவள் எழுந்திருக்கவும் முடியாது. களேபரத்தில் பெண்கள் நூலை விட்டதில் தட்டுகள் அத்தனையும் கூரையில் முட்டிக்கொண்டிருந்தன. தவமணி வெறுங்கையோடு, தலையைக் குனிந்து நின்றான். வேட்டியும் சட்டையும் கடன் என்பதால் அவன் குதிகாலும் தரையில் படவில்லை.

வேலுத்தாய் தூக்குச்சட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "குடுங்க. தாய்மாமன்தான குடுக்கணும்."

அவன் அதை மருமகளின் மடியில் வைத்தான். நாற்காலி கிறீச்சென்றது. மகாஸ்ரீயின் இரண்டு பாதங்களும் தரையில் பதிந்தன.

"அத்த, ரொம்பக் கனமா இருக்கு" என்றாள் பெண். அன்று காலையிலிருந்து அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது.

"உளுந்த மாவுத்தா. நம்ம மில்லுல அரைச்சது. நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டுக் களி கிண்டித் தின்னு, இடுப்பெலும்பு கெட்டிப்படும்."

சுந்தரவடிவு மதினியின் மாவுக்கையைப் பிடித்துக்கொண்டு, மாமியார் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் தேம்பினாள். அப்போதுதான் முன்வரிசையிலிருந்து சோலைராஜ் எழுந்து மேடைக்கு வந்தான்.

"ஏய்யா தவமணி, இதெல்லாம் எனக்குப் போட்டியாவா செஞ்ச?" என்று கேட்டான். "எனக்குத் தெரியாதுய்யா. உன் வீடு மேல நிக்கிறதப் பாத்துப் பாத்து நான் தூக்கமில்லாமக் கெடந்தேன். தனுஷ்கோடிகிட்ட போயி நானும் வாங்கிப் பாத்தேன். திருப்பிக் குடுக்கிற காசு கையிலயே இருந்துச்சுல்ல, வீடு அசைவேனான்னுட்டுது. வெக்கத்துல வெளிய சொல்லல." இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான், தவமணியும் சிரித்தான், பிரேமா மட்டும் புருஷனை முறைத்தாள்.

தெரு அன்றோடு திருந்திவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. இப்போதும் எங்களில் பாதிப்பேர் மேலேதான் இருக்கிறோம், என் வீட்டுக்கே ஐந்து படி. தவமணி வீடுதான் மாறியது. ஃபிரிட்ஜும் சோபாவும் வந்த வழியே கடைக்குத் திரும்பிப் போயின. தவமணி முன்வாசலை விட்டுவிட்டு மில்லில் வேலுத்தாய்க்குத் துணையாக நின்றான், மாவு சலித்தான், சடங்கு வீடுகளுக்கு உளுந்த மாவு அரைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தான். சீர்த்தட்டுகளுக்கு நடுவே ஒரு கனமான தட்டும் இருப்பது நல்லது என்று மண்டபத்துக்காரர்களே சொல்ல ஆரம்பித்திருந்ததால் அந்த மாவுக்கு எங்கெங்கிருந்தோ ஆள் வந்தது. வருகிற காசு தனுஷ்கோடிக்குப் போனது. ஒவ்வொரு முறை காசு போகும்போதும் வீடு விரற்கடை விரற்கடையாகக் கீழே இறங்கியது. அடுத்து வந்த இரண்டு வருஷத்து ஆடிக்காற்றையும் மில் தூண் தாங்கியது. காற்றில் ஆடி ஆடி வீடு கயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசித் தவணை கட்டிய அன்று சாயங்காலம், தெருவில் இருந்த அத்தனை சட்டிபானையும் குலுங்க, வீடு தொம்மென்று தரையில் உட்கார்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். இருந்த இடத்திலேயேதான் இருந்தது, முகம் மட்டும் மாறியிருந்தது. சிங்கங்களோடும் முகப்போடும் வாசல் நேரே மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தது, சோலைராஜின் வீட்டுப் பக்கம் வந்திருந்தது கொல்லைச்சுவர்.

மறுநாள் கொத்தனார் அளவுநாடாவோடு வந்து நின்றார்.

"பின்சுவத்த ஒடச்சு இந்தப் பக்கம் வாசல் வச்சுத் தந்துருறேன்ண்ணே. காசு பெறகு பாத்துக்கலாம். சோலைராஜண்ணன் வீட்டப் பாத்தாப்ல பழையபடி ஆயிரும்."

தவமணி தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். படி தரையில் கெட்டியாக இருந்தது, அதில் வேலுத்தாய் காலையில் போட்ட கோலம் இருந்தது. எதிரே மில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வேலுத்தாய் யாருடைய வத்தலுக்குப் பின்னால் யாருடைய கோதுமை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த குரல் கேட்டது.

"வேணாம்ப்பா" என்றான். "இங்கிட்டு உக்காந்தா வேலு தெரியுறா."